வா என்றும் வாங்க என்றும்

எங்கள் ஊர் வ. புதுப்பட்டி. முகவரியில் அந்த ‘வ’வை விட்டுவிட்டால் கடிதம் வேறு ஏதோ ஒரு புதுப்பட்டிக்குப் போய்ச் சேரும், வத்திராயிருப்புக்கு உண்டான ‘வ’ அது. ஊரில் எங்கே நின்றாலும் மேற்கே மலை தெரியும். மலைக்கு இந்தப் பக்கம் வயலும் தென்னந்தோப்பும். ஏற ஏறக் காடு, அதற்குள் சதுரகிரி. அடிவாரத்தை ஒட்டிய ஒரு நடுநிலைப் பள்ளியில் கடைசி எட்டு வருடம் தலைமையாசிரியையாக இருந்து 2023இல் ஓய்வு பெற்றேன். பாடத்திட்டம், தேர்வு, சத்துணவுக் கணக்கு எல்லாம் அன்றோடு என்னை விட்டுப் போயின. ஒரு நாற்காலி மட்டும் போகவில்லை.

2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோரைக் கூட்டச் சொல்லியிருந்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைக்கப் போகிறோம் என்று விளக்கினோம். 20 பேர், அதில் முக்கால்வாசி பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் வருவது இந்தப் பங்கீடு. அதே பிரிவில் பலர் தாண்டிப் போய்விடும் ஒரு வரி உண்டு: வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கும் அவர்கள் அளவுக்கேற்ற இடம் குழுவில் இருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் அந்த வரி முதலில் பளியர் பழங்குடியினரைத்தான் குறிக்கும். தாணிப்பாறை, அத்திகோயில், செண்பகத்தோப்பு என்று இந்த மலையோரம் நெடுக அவர்களுடைய குடியிருப்புகள் இருக்கின்றன. தேனும் கடுக்காயும் நெல்லிக்காயும் எடுத்தவர்கள், வள்ளிக்கிழங்கு தோண்டித் தின்றவர்கள். இப்போது பாதி நாள் தோப்புகளில் கூலிக்கு நிற்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் எங்களிடம் 9 பேர் படித்தார்கள்.

குழுவைத் தேர்ந்தெடுத்த நாளில் ஏழெட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தேன். மாந்தோப்புக்காரர் வீட்டு அம்மா வந்தார். “வாங்க, வாங்க, உட்காருங்க” என்றேன். நான்காம் வகுப்புப் பையன் ஒருவனின் தாய், பளியர் பெண், வாசலில் செருப்புகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்தாள். “ஏன் அங்க இருக்க? வா, இங்க வந்து உட்காரு” என்று ஒரு நாற்காலியைக் காட்டினேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். அவள் சிரித்தாள். “இங்கனயே இருக்கேன் டீச்சர்.” ஐந்தாவது வரை படித்தவள்; பதிவேட்டில் தன் பேரை ஒவ்வொரு எழுத்தாக எழுதிவிட்டு, பேனாவை மூடிக் கொடுத்தாள். பளியர் பெற்றோரிலிருந்து ஒரு தலைவியைக் கண்டெடுத்துவிட்டதாக அன்றைக்கு எனக்கு ஒரு திருப்தி.

பிறகு குழு உறுப்பினர்களுக்குப் பயிற்சி நடந்தது. கூட்டத்தில் எப்படிப் பேசுவது, தேவைகளை எப்படி முன்வைப்பது என்று. மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் அதைப் பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டினாள். அவள் அடுத்தவளிடம். மைக் ஒரு சுற்றுச் சுற்றிப் பயிற்சி கொடுத்தவரிடமே போய்ச் சேர்ந்தது. எல்லோரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். குழுவின் வெள்ளிக்கிழமைக் கூட்டங்களுக்குக் கூலியை விட்டுவிட்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். ‘பழங்குடிப் பெற்றோர் பங்கேற்பு: உண்டு’ என்று நானும் எழுதி அனுப்பினேன்.

நாற்காலிக்கு எங்கள் பக்கத்தில் ஒரு பழைய கதை இருக்கிறது. விருதுநகர்க்காரரான காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1958இல் நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளைத் தொடங்கினார். ஊரார் மேசை கொடுத்தார்கள், கடிகாரம் கொடுத்தார்கள், நிலம் கொடுத்தார்கள். பெரிய காரியம், நான் படித்த பள்ளியின் மணி அப்படி வந்ததுதான் என்று என் அப்பா சொல்வார். ஆனால் கொடுத்தவருக்கு நாற்காலி போட்ட பழக்கமும் கூடவே ஊன்றிவிட்டது. பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் என்றால் ஊரில் நாலு பேருக்குக் கொடுக்கக்கூடியவர் என்றே என் காலம் வரை பொருள். பிள்ளையைப் பெற்றதே போதும், கொடுக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் உனக்கு இங்கே இடம் உண்டு என்று 2009இல் சட்டம் சொல்லிவிட்டது. சட்டம் மாறியது. நான் நாற்காலி போடும் விதம் மாறவில்லை.

குழு அமைந்த அந்த வருடம் அக்டோபரில், மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம், அந்தப் பளியர் பெண்ணின் மகன் மூன்று நாள் வராமல் நான்காம் நாள் வந்தான். வகுப்பு முழுவதும் இருந்தது. “எங்கடா, காட்டுக்குள்ள சுத்திக்கிட்டு இருந்தியா?” என்றேன். கத்தவில்லை, சிரித்துக்கொண்டே கேட்டதாகத்தான் எனக்கு ஞாபகம். பிள்ளைகளும் சிரித்தார்கள். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் 9 பேருமே வரவில்லை. செல்போனில் வருகைப் பதிவு போடும்போது வரிசையாக ஒன்பது ‘வரவில்லை’. யாரும் வந்து சண்டை போடவில்லை, மனுக் கொடுக்கவில்லை, குழுவில் இருக்கும் அந்தப் பெண்ணும் எதுவும் சொல்லவில்லை. சும்மா வராமல் இருந்தார்கள்.

ஏழாம் நாள் நானே போனேன். வீட்டு வாசலில் சாக்கை விரித்துக் கடுக்காயைப் பரப்பிக்கொண்டிருந்தாள். நனைந்தவற்றை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு எனக்கு இடம் விட்டாள். சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்றேன். “நல்லா இருக்காக டீச்சர்.” ஏன் அனுப்பவில்லை என்றேன். பதில் இல்லை; ஒரு கடுக்காயை எடுத்து உருட்டிப் பார்த்தாள். கால் மணி நேரம் அப்படியே போயிற்று. எழுந்து செருப்பைப் போடும்போதுதான், என்னைப் பார்க்காமல், “பையன் மனசு கொறஞ்சு போயிட்டான்” என்றாள். யார் எல்லாப் பிள்ளைகளையும் நிறுத்தச் சொன்னது என்று கேட்டேன். அந்தக் கேள்வியே அவளுக்கு விளங்கவில்லை. “யாரும் சொல்லல. அவக அவக போகல.”

என் தம்பி மகள் மதுரையில் கல்லூரியில் வேலை பார்க்கிறாள். இதை அவளிடம் சொன்னபோது ஒரு கட்டுரையை நகலெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியலர் 1962இல் தொடங்கிப் பளியர்களோடு தங்கி ஆய்வு செய்தவர். 1966இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ‘இரு பக்கமும் ஒத்த மரியாதை’ என்ற கருத்து இருக்கிறது. பளியர் வாழ்க்கையில் ஒருவர்மேல் இன்னொருவருக்கு அதிகாரம் கிடையாது. கணவனுக்கு மனைவிமேலும் கிடையாது, மூத்தவருக்கு இளையவர்மேலும் கிடையாது. போட்டி ஆகாது. சண்டை வருகிற மாதிரி இருந்தால் எழுந்து போய்விடுவார்கள். யாராவது ஒருவர் வேடிக்கையாகப் பேசிச் சூட்டைத் தணிப்பார். இன்னொருவரைத் தாழ்த்தும் செயலுக்கு அவர்கள் சொல்வதாக அவர் குறித்திருக்கும் சொல்லைப் பார்த்துத்தான் நான் நகலைக் கீழே வைத்தேன். நம் சொல்தான்: தரக்குறைவு.

நாம் அந்தச் சொல்லைத் தரக்குறைவான பேச்சு, தரக்குறைவான சரக்கு என்று தினமும் வீணடிக்கிறோம். அவர்கள் அதை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். தரம் என்றால் மட்டம். ஒருவரை மட்டத்திலிருந்து இறக்குவது குற்றம் என்றால், தன்னை மட்டத்துக்கு மேலே ஏற்றிக்கொள்வதும் அதே குற்றம்தான், ஏனென்றால் அப்போது மற்றவர் எல்லாரும் இறங்கிப்போகிறார்கள். நான் காட்டிய நாற்காலியை அவள் வேண்டாம் என்றது கூச்சத்தால் என்று நினைத்திருந்தேன். நாற்காலியில் ஒருத்தியும் தரையில் எட்டுப் பேரும் என்ற அமைப்பிலேயே அவளுக்கு ஏதோ அசிங்கமாகப் பட்டிருக்கலாம். இதை அவளிடம் நான் கேட்டதில்லை. கேட்டால் சிரிப்பாள்.

அப்போதுதான் ‘வா’வும் ‘வாங்க’வும் உறைத்தன. மாந்தோப்பு அம்மாவுக்கு ‘வாங்க’. பளியர் பெண்ணுக்கு ‘வா’. இருவருக்கும் வயது ஒன்றுதான் இருக்கும். முப்பது வருடம் தமிழ் இலக்கணம் நடத்தினேன், மரியாதைப் பன்மைக்குக் கரும்பலகையில் எடுத்துக்காட்டு எழுதிப்போட்டேன்; என் வாய் யாருக்கு எதை எடுக்கிறது என்று கவனித்ததில்லை. இந்தப் பக்கத்தில் எல்லார் வாயும் அப்படித்தான். மலையிலிருந்து தேன் கொண்டுவருகிற கிழவரை வாலிபன் ‘வா, போ’ என்பான். இந்தக் கட்டுரையில்கூட அவளை ‘அவள்’ என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், பாருங்கள். மாற்றலாம் என்று ஒரு பக்கத்தை ‘அவர்’ என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருந்தது. விட்டுவிட்டேன். அது அன்பா, பழக்கமா என்று எனக்கே நிச்சயமில்லை.

சரி, இப்போது கேள்வி. யாரும் யாருக்கும் மேலே இல்லை என்பதை அறமாகக் கொண்ட ஒரு மக்களிடம் போய், உங்களில் ஒருவரைத் தலைவராக்குகிறேன், எழுந்து நில், உரக்கப் பேசு, கேட்டு வாங்கு என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் நன்மையா, அவர்களிடம் இருக்கும் நல்லதைப் பறிப்பதா?

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துக்காரி. எதை யோசித்தாலும் மார்கழி வந்து நிற்கும். அம்மாவோடு உட்கார்ந்து திருப்பாவை சொன்ன வீடு எங்களுடையது. முப்பது பாட்டில் ஆறாம் பாட்டு முதல் பதினைந்தாம் பாட்டு வரை பத்துப் பாட்டும் தோழிகளை எழுப்புகிற பாட்டுகள். ஆண்டாளுக்குக் கண்ணனிடம் தனியாகப் போக வழி தெரியாதா? பத்து வாசலில் நின்று, ஒருத்தியைச் செல்லமாகவும் ஒருத்தியைக் கேலியாகவும் கூப்பிட்டு, எல்லாரும் வந்தபிறகுதான் நந்தகோபர் வீட்டு வாயிலுக்குப் போகிறாள். தலைமை என்று எனக்கு யாராவது முதலில் கற்றுக்கொடுத்திருந்தால் அது இந்தப் பத்து வாசல்தான். மைக் கிடையாது, நாற்காலி கிடையாது.

ஆனால் பதினைந்தாம் பாட்டு எப்போதும் என்னைத் தொந்தரவு செய்யும். உள்ளே இருப்பவளுக்கும் வெளியே நிற்பவர்களுக்கும் வாக்குவாதம். கடைசியில் உள்ளே இருப்பவள், குற்றம் தன்னுடையதாகவே இருக்கட்டும் என்று ஏற்றுக்கொண்டுவிடுகிறாள். இல்லாத குற்றத்தையும் தன்மேல் போட்டுக்கொள்வதே வைணவ லட்சணம் என்று உரைகாரர்கள் உருகியிருக்கிறார்கள். திருப்பாவையின் உயிரே இந்தப் பாட்டில் இருக்கிறது என்பது அவர்கள் கட்சி. என் அம்மாவும் அந்த இடத்தில் குரல் தழுதழுப்பாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பற்றிச் சந்தேகமே இல்லை. வெளியே நின்றவர்களைப் பற்றித்தான் சந்தேகம். அன்றைக்கு ஒரு நாள் அவள் விட்டுக்கொடுத்தாள், அழகு. ஒவ்வொரு நாளும் அவளே விட்டுக்கொடுக்க, மற்றவர்கள் ஒவ்வொரு நாளும் அதை வாங்கிக்கொண்டால்? பாட்டில் அவள் அடுத்த நொடி கூட்டத்தோடு சேர்ந்துவிடுகிறாள், அவள் இழந்தது ஒன்றுமில்லை. எங்கள் அடிவாரத்தில் விட்டுக்கொடுத்தவர்கள் இழந்திருக்கிறார்கள்.

பளியர்கள் விலகிப் போனார்கள் என்றால், போக இடம் இருந்தது. தோப்புக்காரன் அதட்டினால் மேலே ஏறிவிடலாம். நாலு நாள் கிழங்கும் தேனும் பார்த்துக்கொள்ளும். 1988இல் இந்த மலை சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆயிற்று. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமும் ஆயிற்று. அணிலும் புலியும் பிழைக்கட்டும், எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் எழுந்து போய்விடுகிற அறத்துக்கு மேலே இருந்த வாசல் ஒடுங்கிக்கொண்டே வந்தது. கீழேயோ எல்லாமே கேட்டால்தான் கிடைக்கும் என்று ஆகிவிட்டது. அந்தப் பையனின் வகுப்பிலேயே ஒரு பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டியிருந்தது. தகப்பன் ஓர் அலுவலகத்துக்கு நாலு தடவை போனார். அங்கே எவரோ ஏதோ சொல்லிவிட்டார்கள். ஐந்தாவது தடவை போகவில்லை. பள்ளிக்கு ஒன்பது பிள்ளைகள் வராமல் இருந்தபோது, தவறு செய்தவள் நான், ஏழு நாளில் எனக்கு உறைத்தது, போனேன். அலுவலகத்திலிருந்து யாரும் அவரைத் தேடி மலையடிவாரத்துக்குப் போகவில்லை. விலகல் என்பது ஒரு பேச்சு. கேட்கிற காது எதிரில் இருந்தால்தான் அது பேச்சாகும்.

அதனால், ‘அவர்கள் பண்பாட்டை அப்படியே விட்டுவிடுங்கள், தலைமை கிலைமை என்று கெடுக்காதீர்கள்’ என்று சென்னையிலிருந்து வருகிற நண்பர்கள் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். அந்தப் பண்பாட்டின் விலையைக் கட்டுகிறவர்கள் அவர்கள் இல்லை. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம்கூடக் குழு அமை, கோரிக்கை எழுது, சாட்சி கொண்டுவா என்றுதான் சொல்கிறது. கேட்காதவர்களுக்குக் கொடுக்கும் சட்டம் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

இதற்குக் கார்ட்னரிடமே ஒரு பிடி கிடைத்தது. பின்னாளில், 2000இல் வந்த புத்தகத்தில், ஒரே பளியர் காட்டுக்குள் ஒரு விதமாகவும் வெளியாட்களோடு சேரும் எல்லையில் இன்னொரு விதமாகவும் நடந்துகொள்ளத் தெரிந்தவர் என்கிறார். இரண்டு பண்பாட்டிலும் கால் வைக்கத் தெரிந்தவர்கள். நாங்கள் பயிற்சி கொடுத்து உண்டாக்க நினைத்த சாமர்த்தியம் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது. எங்களிடம்தான் ஒரே பண்பாடு.

ஓய்வுக்கு முன் எனக்கு மிச்சமிருந்த கூட்டங்களில் நாற்காலிகளை எடுத்துவிட்டேன். வேப்பமரத்தடியில் ஜமுக்காளம். மாந்தோப்பு அம்மாவுக்கு மூட்டுவலி, அவருக்கு மட்டும் ஒரு ஸ்டூல். அவரே இரண்டாம் மாதம் அதைத் தள்ளிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். ‘யாருக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள்’ என்று பொதுவில் கேட்பதையும் நிறுத்தினேன். அந்தக் கேள்விக்குக் கை தூக்குகிறவர் எப்போதும் அதே மூன்று பேர். ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து கேட்டேன், ‘வாங்க’ போட்டு. முதல் தடவை நான் ‘வாங்க’ என்றபோது அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள், வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்து.

2024 ஆகஸ்டில் குழுவை மறுபடி அமைத்தார்கள். இந்தத் தடவை 24 பேர், முன்னாள் மாணவர்களும் உண்டு. கல்வி ஆர்வலர் என்று என்னையும் கூப்பிட்டுப் போட்டார்கள். அவளும் இருக்கிறாள், இளைய மகள் இரண்டாம் வகுப்பு. குடியிருப்பிலிருந்து பள்ளிக்கு வருகிற பாதையில் அப்போது யானை நடமாட்டம். பிள்ளைகள் நடந்து வர முடியாது, வண்டி வேண்டும். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்குப் போக்குவரத்து உதவி கேட்க வழி இருக்கிறது. குழு தீர்மானம் போட வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை நான் அவளுக்கு எதிர்ப்பக்கம் இருந்தேன். பொருள் வந்ததும் அவள் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்த தெற்குத் தெருப் பெண்ணின் காதோரம் குனிந்து என்னவோ சொன்னாள். கொஞ்ச நேரம் சொன்னாள். எந்த ஓடைக்குப் பக்கத்தில், எத்தனை மணிக்கு, எந்தப் பிள்ளைகள் எந்த வீடு என்று. தெற்குத் தெருப் பெண் எழுந்து நின்று அதை அப்படியே, நல்ல கணீரென்ற குரலில் சொன்னாள். ஒரு விவரம் விட்டுப்போனபோது சேலை நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தாள் இவள். அதுவும் சேர்ந்தது. தீர்மானம் நிறைவேறியது.

பதிவேட்டில் ‘முன்மொழிந்தவர்’ என்ற கட்டத்தில் தெற்குத் தெருப் பெண்ணின் பெயர் எழுதப்பட்டது. கூட்டம் முடிந்து பதிவேடு என் கைக்கு வந்தபோது முன்பக்கங்களைப் புரட்டினேன். இரண்டு குழுக்கள், இத்தனை மாதங்கள். அவளுடைய கையெழுத்து ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது, அவள் சொன்னதாக ஒரு வரி இல்லை. நாளைக்கு யாராவது இதை எடுத்துப் பார்த்தால், பளியர் உறுப்பினர் வாயே திறக்கவில்லை என்றுதான் எழுதுவார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். பேனாவை எடுத்து, “உங்க பேரையும் இதுல சேர்க்கணும், நீங்கதான சொன்னீங்க” என்றேன்.

“எதுக்கு டீச்சர்? அந்தக்கா நல்லாத்தான சொன்னாக.”

“சொன்னது நீங்க.”

“வண்டி வந்தாப் போதும்ல?” என்று மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஆட்டோ வந்துவிட்டது. காலை எட்டரைக்கு ஏழு பிள்ளைகள் இறங்குகிறார்கள். பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் ஓரமாகக் கொஞ்சம் இடம் இருக்கிறது, ஒரு பெயர் எழுதும் அளவுக்கு. அவள் சம்மதம் இல்லாமல் எழுதினால் அதுவும் ஒரு தரக்குறைவுதான். எழுதாமல் விட்டால் வேறு ஒன்று. அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை. பேனாவைக் கொண்டுபோவேன், ஒரு தடவை கேட்டுப் பார்ப்பேன்.